எண்பதும் அறுபதும் நூறு

தொலைக்காட்சியில் மோட்டார்சைக்கிள் பந்தயத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். வண்டி பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. ஓட்டுகிறவரின் முழங்கால் தரையில் உரசுகிறது, சிலருக்கு முழங்கையும் உரசுகிறது. ஆனாலும் விழுவதில்லை. நம் தெருமுனையிலோ, வண்டியைக் கொஞ்சமே சாய்த்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது, காலடியில் நாலு மணல் பருக்கை இருந்தால் போதும், பொத்தென்று விழுந்து பால் பாக்கெட்டை உடைக்கிறோம்.

அவர்கள் உலக சாம்பியன்கள், வண்டி கோடிக்கணக்கில், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் இருக்கிறது. அதன் நீளம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிற தடம் அது. அதற்கு முன் பந்தயங்கள் சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நடந்தன. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தய வார இறுதிகளில் இந்தத் தடங்களுக்கு வருகிறவர்களில் பலர் திங்கள்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார வேண்டியவர்கள். அவர்கள் ஓட்டுவதும் ஷோரூமில் கிடைக்கிற வண்டியைக் கொஞ்சம் மாற்றியதுதான். அவர்களும் முழங்காலை உரசுகிறார்கள்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய வண்டி 300 சிசி சொச்சம், எடை 160 கிலோ. தோலுடை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து அவர் 70 கிலோ. வெள்ளி முதல் ஞாயிறு வரை அவர் கூடவே போனால் நம் சந்தேகத்துக்கு விடை கிடைக்கும். அந்த விடைக்குள் ஒரு விநோதமான கணக்கும் இருக்கிறது. அதில் எண்பதையும் அறுபதையும் கூட்டினால் நூறு வருகிறது.

வெள்ளி: கண்ணாடியும் ஸ்டாண்டும் கழற்றப்படுகின்றன

முதல் வேலை ஸ்க்ரூட்டினி. வண்டியைத் தடத்தில் இறக்கத் தகுதி இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்கும் சோதனை இது. முகப்பு விளக்கு, பக்கக் கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். உடைந்து சிதறக்கூடியதும், சாயும்போது தரையில் மாட்டக்கூடியதும் வண்டியில் இருக்கக் கூடாது. என்ஜின் ஆயில் இறக்கும் போல்ட்டைத் துளைத்து, கம்பி முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். அது அதிர்வில் கழன்று ஆயில் கொட்டினால், அவர் விழுவதோடு நிற்காது, பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். பல பந்தயங்களில் ரேடியேட்டருக்குள் கூலன்ட் ஊற்றக்கூட அனுமதி இல்லை, வெறும் தண்ணீர்தான். கூலன்டில் இருக்கும் கிளைக்கால் தாரில் சிந்தினால் சீக்கிரம் உலராது, வழவழவென்று கிடக்கும்.

இந்தப் பட்டியலின் நோக்கம் ஓட்டுகிறவரைக் காப்பாற்றுவது என்று தோன்றும். ஓரளவு சரிதான். ஆனால் பாதிக்கு மேல் தரையைக் காப்பாற்றுவதற்கான விதிகள். பந்தயத்தில் எல்லோருக்கும் பொதுவான சொத்து அந்தத் தார்ப்பரப்பு மட்டும்தான்.

மொட்டை டயர் ஏன் வழுக்கவில்லை?

சாலையில் மொட்டை டயரோடு போனால் போலீஸ்காரர் நிறுத்துகிறார். பந்தயத்திலோ காசு கொடுத்து மொட்டை டயர் வாங்கி மாட்டுகிறார்கள். ஸ்லிக் என்று அதற்குப் பெயர். வரியே இல்லாத வழவழப்பான டயர். எப்படி இது?

டயரின் வரிகள் பிடிப்புக்காக வெட்டப்பட்டவை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவை தண்ணீருக்காக வெட்டப்பட்டவை. மழையில் டயருக்கும் சாலைக்கும் இடையே சிக்கும் நீர் வெளியேற வாய்க்கால் வேண்டும், வரிகள் அந்த வாய்க்கால்கள். காய்ந்த தரையில் வாய்க்காலால் பயனில்லை. அது பிடித்துக்கொள்ளும் இடத்தில் தரையைத் தொட ரப்பர் இருந்தால் லாபம்தான். சாலையில் மொட்டை டயர் ஆபத்தாவது வரி போனதால் மட்டுமல்ல. தேய்ந்து மெலிந்து, வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்து, ரப்பர் இறுகிப்போயிருக்கும். பந்தய ஸ்லிக் புதியது, மென்மையானது. நகத்தால் அழுத்தினால் தடம் விழும்.

அந்த மென்மைதான் விஷயம். தார்ச்சாலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாக இருக்கும். மென்மையான ரப்பர் அந்த மேடுகளைச் சுற்றி வழிந்து, பள்ளங்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் மேட்டில் இடித்து நிற்கிறது. நழுவப் பார்த்தால் உருமாறி மறுபடி அடுத்த மேட்டைப் பிடிக்கிறது. இதற்கு மேல், ரப்பர் மூலக்கூறுகளுக்கும் கல்லுக்கும் இடையே மிக நெருக்கத்தில் தோன்றும் ஒட்டுதலும் உண்டு. இரண்டும் சேர்ந்ததைப் பிடிமானம் என்று அழைப்போம்.

பள்ளிப் பாடத்தில் மரக்கட்டையை மேசைமேல் இழுத்து உராய்வை அளந்திருப்போம். கட்டையின் எடையில் பாதி, முக்கால் பங்கு விசையிலேயே அது நகர்ந்துவிடும். அதனால் ஒரு பொருளின் உராய்வு அதன் எடையைத் தாண்டாது என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. ரப்பர் இந்த எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. சூடான பந்தய டயர் நல்ல தாரில் தன்மேல் இருக்கும் எடையைவிட அதிகமான பக்கவாட்டு விசையைத் தாங்கும். நம் ஆள் மாட்டியிருக்கும் டயர் எடையைப் போல ஒன்றேகால் மடங்கு தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒன்றேகால் மடங்கை ‘நூறு’ என்று குறித்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க இந்த நூறை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் பேச்சு.

வியப்பு என்னவென்றால் இவ்வளவையும் தாங்குவது தரையைத் தொடும் மிகச்சிறிய பரப்பு. ஒரு சக்கரத்தின் பங்கு 115 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால், தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 55 சதுர செண்டிமீட்டர். ஓர் ஏடிஎம் அட்டையைவிடச் சற்றுப் பெரியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

டயர் சூடாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. ரப்பர் குளிர்ந்திருந்தால் விறைப்பாக இருக்கும், பள்ளத்துக்குள் இறங்காது. அதனால்தான் வசதி உள்ளவர்கள் பிட்டிலேயே, அதாவது வண்டியைத் தயார்செய்யும் இடத்திலேயே, டயருக்கு மின்கம்பளி போர்த்தி 80 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் நண்பகல் தார் 50 டிகிரியைத் தாண்டிவிடுவதால் அங்கே இயற்கையே பாதி வேலையைச் செய்துகொடுக்கும். ஆனால் சூட்டோடு இன்னொன்றும் ஏறுகிறது. காலையில் 30 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால், டயர் 80 டிகிரியைத் தொடும்போது அதே காற்று விரிய இடமில்லாமல் 35 ஆகிவிடும். அழுத்தம் கூடினால் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். எனவே பயிற்சி முடித்து பிட்டுக்குள் வந்ததும் ஒருவர் ஓடிவந்து, டயர் ஆறுவதற்குள் அழுத்தம் பார்த்துக் காற்றைக் கொஞ்சம் இறக்குவார். பார்வையாளர்கள் இதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வலப்பக்கம் போக இடப்பக்கம் திருப்பு

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது, அவர்கள் பல வருடங்களாகத் தெரியாமலே செய்துகொண்டிருக்கும் ஒன்று. வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? ஹேண்டில்பாரின் வலது முனையை முன்னால் தள்ளு. தள்ளினால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பும். ஆனால் வண்டி வலப்பக்கம் போகும்!

பொய் போலத் தோன்றும். நடப்பது இதுதான். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் போகும்போது, சக்கரங்கள் வண்டியின் அடியிலிருந்து இடப்பக்கமாக விலகுகின்றன. மேலே இருக்கும் எடை பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. காலை வாரிவிட்டது மாதிரி வண்டி வலப்பக்கம் சாய்கிறது. வேண்டிய அளவு சாய்ந்ததும் ஹேண்டில்பார் தானாகவே திருப்பத்தின் திசைக்கு வந்துவிடும். இதற்கு எதிர்த்திருப்பல் என்று பெயர் வைக்கலாம்.

சைக்கிளிலும் இப்படித்தான். விமானத்தை உருவாக்கும் முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் வில்பர் இதைக் கவனித்தார். எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பார்த்தார். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது, தலைக்குத் தெரியவில்லை. மெதுவாகப் போகும்போது இந்த அறியாமையால் கெடுதல் இல்லை. 150 கிலோமீட்டர் வேகத்தில், வண்டியை அரை விநாடியில் சாய்க்க வேண்டுமானால் தலைக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஒரே திருப்பம், இரண்டு வழி

சனிக்கிழமை காலை தகுதிச் சுற்று. இப்போது ஒரே ஒரு திருப்பத்தை எடுத்துக்கொண்டு மெல்ல அலசுவோம். எந்தத் தடத்தின் திருப்பமும் இல்லை, கணக்குக்காக நாமே போட்ட திருப்பம். நேரான சாலை, பிறகு சரியாக ஒரு செங்கோணத்துக்கு வலப்பக்க வளைவு, பிறகு மறுபடி நேர்சாலை. தடத்தின் அகலம் 10 மீட்டர். வளைவை வட்டத்தின் துண்டாக எடுத்துக்கொண்டால், நடுக்கோட்டின் ஆரம் 50 மீட்டர்.

நல்ல பிள்ளையாக நடுக்கோட்டிலேயே போனால், 50 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறோம். பந்தயக்காரர் அப்படிப் போவதில்லை. இடப்பக்க ஓரத்தோடு ஒட்டி வருகிறார். வளைவின் நடுவில் வலப்பக்க உள்விளிம்பைத் தொடுகிறார். இந்தத் தொடும் புள்ளியை ஏபெக்ஸ் என்கிறார்கள், நாம் உள்முனை என்போம். பிறகு மறுபடி இடப்பக்க ஓரத்துக்கே விரிந்து போகிறார். வெளியே, உள்ளே, வெளியே. சாலை அதேதான், ஆனால் அவர் வரைந்த வளைவின் ஆரம் 79 மீட்டர். பத்து மீட்டர் அகலத்தை முழுதாகப் பயன்படுத்தியதால் கிடைத்த கூடுதல் 29 மீட்டர்.

ஆரம் பெரிதானால் அதே சாய்வில் அதிக வேகம் போகலாம். 45 டிகிரி சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோணத்தில் தரை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை வண்டியின் எடைக்குச் சரியாகச் சமம். 50 மீட்டர் ஆரத்தில் 45 டிகிரி சாய்ந்தால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். 79 மீட்டர் ஆரத்தில் அதே சாய்வுக்கு வேகம் 100 கிலோமீட்டர். ஓட்டுகிறவருக்கு ஒரு துளியும் கூடுதல் துணிச்சல் தேவைப்படவில்லை. டயருக்கும் ஒரு துளி கூடுதல் சுமை இல்லை. வழியை மாற்றியதால் மட்டும் 20 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கில் எடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 160 கிலோ வண்டிக்கும் 250 கிலோ வண்டிக்கும் ஒரே வேகத்தில், ஒரே ஆரத்தில், ஒரே சாய்வுதான். எடை கூடினால் பக்கவாட்டில் தேவைப்படும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரி.

விழாமல் இருப்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. சாய்ந்த வண்டியை ஈர்ப்பு விசை உள்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. அதே நேரம் தரை, டயரின் அடிப்பகுதியை வளைவின் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சக்கரங்கள், விழப்போகும் எடைக்கு அடியில் ஓயாமல் வந்து நின்றுகொண்டே இருக்கின்றன. வண்டி விழுந்துகொண்டேதான் இருக்கிறது, முடிக்கத்தான் விடுவதில்லை. தரை தள்ள முடியாத இடத்தில், அதாவது நம் தெருமுனை மணலில், சாய்வு கொஞ்சமாக இருந்தாலும் விழுந்து முடித்துவிடுகிறோம். எனவே சாய்வு ஒரு பிரச்சினையே இல்லை. பிடிமானம் இருந்தால் 45 டிகிரியும் பத்திரம், இல்லாவிட்டால் 10 டிகிரியும் ஆபத்து. மோட்டோஜிபி என்னும் உலகப் பந்தயத்தின் வீரர்கள் 60 டிகிரியைத் தாண்டிச் சாய்கிறார்கள் என்றால் அவர்கள் டயர், எடையைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குக் குறையாமல் தாங்குகிறது என்று அர்த்தம்.

முழங்காலை எதற்கு நீட்டுகிறார்?

தரையைத் தொடுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். படம் எடுப்பதற்கு என்று சிலர். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன்.

45 டிகிரி என்பது மொத்த எடையின் மையம் சாய வேண்டிய கோணம். டயருக்கு அகலம் உண்டு. சாயும்போது அது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து உள்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட வண்டி இன்னும் கொஞ்சம் சாய வேண்டும். அகலமான டயரில் இது ஐந்தாறு டிகிரி. ஆக, ஓட்டுகிறவர் ஆணி அடித்தாற்போல நடுவில் உட்கார்ந்திருந்தால் வண்டி 50 டிகிரிக்கு மேல் சாய்ந்தாக வேண்டும். சாதாரண வண்டியில் அதற்குள் கால் வைக்கும் பெக்கோ சைலன்சரோ தரையைத் தொட்டு, சக்கரத்தைத் தூக்கிவிடும்.

அதனால் அவர் இருக்கையிலிருந்து நழுவி உள்பக்கம் தொங்குகிறார். 70 கிலோ உடம்பை 15 செண்டிமீட்டர் உள்ளே நகர்த்தினால், 230 கிலோ மொத்த எடையின் மையம் நாலரை செண்டிமீட்டர் நகரும். மையம் தரையிலிருந்து 60 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், வண்டி 4 டிகிரி நிமிரலாம். வேகம் அதே 100. உடம்பைத் தொங்கப்போட்டால் முழங்கால் தானாகவே தரைக்கு அருகில் வருகிறது. வந்த பிறகு அது ஓர் அளவுகோலாகிறது. முழங்காலில் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டு தரையில் உரசியதும், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று பார்க்காமலே தெரிந்துவிடும். 1970-களில் பின்லாந்தின் யார்னோ சாரினென் இப்படித் தொங்கி ஓட்டினார். பின்னால் வந்த அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ் இதை உலகம் முழுக்கப் பரப்பினார். அதற்கு முந்தைய தலைமுறைப் படங்களில் முழங்கால்கள் பெட்ரோல் டாங்கை ஒட்டி ஒழுக்கமாக இருக்கும். அன்றைய ஒல்லி டயர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வளைவில் சாய்ந்திருக்கும் ஏறக்குறைய நான்கு விநாடிகளில் அவர் உடம்பு தன் எடையைக் கிட்டத்தட்ட 100 கிலோவாக உணர்கிறது. பக்கவாட்டு விசையும் எடையும் சேர்ந்து, இருக்கைக்குள் அழுத்துகின்றன. இதை ஒவ்வொரு லேப்பிலும் திருப்பத்துக்குத் திருப்பம், சென்னை வெயிலில், வியர்வை உலர வழியில்லாத தோலுடைக்குள் செய்ய வேண்டும். அலுவலக நாற்காலியில் வாரம் முழுக்க உட்கார்ந்தவர்கள் ஐந்தாவது லேப்பிலேயே தொடை நடுங்கிப் போவது இதனால்தான்.

எண்பது செலவானால் மிச்சம் எவ்வளவு?

இப்போது அந்த நூறுக்கு வருவோம். டயரின் நூறு என்பது எடையைப் போல ஒன்றேகால் மடங்கு. 45 டிகிரி சாய்வுக்குத் தேவை எடைக்குச் சமமான விசை. அதாவது நூறில் எண்பது. நம் ஆள் 100 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்துகொண்டிருக்கும்போது எண்பதைத் திருப்பத்துக்கே கொடுத்துவிட்டார். பிரேக் பிடிக்க எவ்வளவு மிச்சம்?

மாதச் சம்பளம் நூறு, வாடகை எண்பது என்றால் மளிகைக்கு இருபது. புதிதாகத் தடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தச் சம்பளக் கணக்கைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அதனால் நேராகப் போகும்போதே பிரேக்கை எல்லாம் பிடித்து முடித்துவிட்டு, லீவரை முழுதாக விட்டு, பிறகு சாய்க்கிறார்கள். ஆரம்பத்தில் அது பாதுகாப்பானது, பயிற்சியாளர்களும் அப்படித்தான் தொடங்கச் சொல்வார்கள்.

ஆனால் தரையில் அந்தச் சம்பளக் கணக்கு செல்லாது. திருப்ப விசை பக்கவாட்டில் இருக்கிறது. பிரேக் விசை பின்னோக்கி இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. செங்குத்தான இரண்டு விசைகள் சேரும்போது நேராகக் கூட்டக் கூடாது, செங்கோண முக்கோணத்தின் கர்ணம் போலத்தான் கூட்ட வேண்டும். மூன்றும் நான்கும் சேர்ந்தால் கர்ணம் ஐந்து என்று பள்ளியில் படித்தோமே, அதுவே இங்கே அறுபதும் எண்பதும் சேர்ந்தால் நூறு. எண்பதைத் திருப்பத்துக்குக் கொடுத்த பிறகும் டயரிடம் அறுபது மிச்சம் இருக்கிறது!

இதை அப்படியே வண்டியில் முயன்று பார்க்கச் சொல்லவில்லை. சாய்ந்த நிலையில் முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிமிரப் பார்க்கும். எடை முன்சக்கரத்துக்கு ஓடிவிடுவதால் இரண்டு டயருக்கும் கணக்கு தனித்தனி. அறுபதையும் யாரும் செலவழிப்பதில்லை. ஆனால் அதில் பாதியைப் பயன்படுத்தினாலே போதும். சாய்க்கத் தொடங்கும்போது பிரேக்கை விடாமல், சாய்வு கூடக்கூட விரலை இளக்கிக்கொண்டே போய், உள்முனைக்கு அருகில் முழுதாக விடுவார் தேர்ந்தவர். இதை இழுபிரேக் என்று சொல்லலாம். இதனால் நேர்சாலையில் இன்னும் சில மீட்டர் தாமதமாகப் பிரேக்கைத் தொடங்கலாம். பிரேக்கில் முன்ஃபோர்க் அழுந்தியிருப்பதால் வண்டியும் சுறுசுறுப்பாகத் திரும்பும்.

முக்கோணக் கணக்கின் இன்னொரு முனை இன்னும் சுவையானது. திருப்பத்துக்கு முழு நூறையும் கொடுத்தால் மிச்சம் பூஜ்யம். 95 கொடுத்தால்? மிச்சம் ஐந்து இல்லை, 31. ஐந்தை விட்டுக்கொடுத்தால் முப்பத்தொன்று கிடைக்கிறது. நம் திருப்பத்தில் முழு நூறு என்பது மணிக்கு 112 கிலோமீட்டர். 95 என்பது 109. மூன்று கிலோமீட்டர் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வளைவில் இழப்பது பத்தில் ஒரு விநாடி. பதிலுக்கு, ஆக்சிலேட்டரை முன்கூட்டியே திறக்க முப்பத்தொன்று கிடைக்கிறது. அதன் பலன் அடுத்த நேர்சாலை முழுக்க, மீட்டருக்கு மீட்டர் சேர்ந்துகொண்டே போகும். உள்ளே மெதுவாகப் போ, வெளியே வேகமாக வா என்று பந்தயப் பள்ளிகளில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த முப்பத்தொன்றுதான்.

பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பது ஏன் கெடுதல் என்பதும் இங்கேயே தெரிகிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்ந்து முன்டயரை அழுத்த ஒரு விநாடியின் சிறு பங்காவது ஆகும். அழுத்தம் வந்த பிறகுதான் முன்டயரின் நூறு பெரிதாகிறது. அதற்கு முன்பே கையை இறுக்கினால், இன்னும் பெரிதாகாத தொகையைச் செலவழிக்கிறோம். சக்கரம் பூட்டிக்கொள்கிறது. தெருவில் நாய் குறுக்கே வந்ததும் நாம் செய்வது இதேதான்.

கூட்டல் குறி

சனிக்கிழமை மாலை. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஜிபிஎஸ் பதிவுக் கருவியை வண்டியில் மாட்டியிருந்தால், நாள் முழுக்க ஓட்டியதைக் கணினியில் வரைபடமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நொடியும் டயர் செய்த வேலை ஒரு புள்ளி. பக்கவாட்டு விசை இட வலமாக, ஆக்சிலேட்டர் மேலே, பிரேக் கீழே.

புதியவரின் வரைபடத்தில் புள்ளிகள் கூட்டல் குறி போல விழுந்திருக்கும். பிரேக் பிடித்தபோது பிரேக் மட்டும், திரும்பியபோது திருப்பம் மட்டும். இரண்டுக்கும் இடையே, குறியின் நடுவில், புள்ளிகள் அடர்ந்திருக்கும். பிரேக்கை விட்டுவிட்டு இன்னும் சாய்க்காமல், டயருக்கு எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா உருண்ட நேரம் அது. அனுபவசாலியின் வரைபடத்தில் கூட்டல் குறியின் மூலைகள் நிரம்பி உருவம் வட்டத்தை நெருங்கியிருக்கும். சிறிய என்ஜினால் மேல் பாதியை நிரப்ப முடியாது. ஆக்சிலேட்டருக்கு அவ்வளவு பலம் இல்லை. அதனால் வட்டத்தின் தலை தட்டையாக இருக்கும்.

லேப் நேரத்தில் பின்தங்கும்போது பெரும்பாலோர் என்ஜினைத்தான் குறை சொல்வார்கள். புதிய சைலன்சருக்குச் செலவழிப்பார்கள். அவர்களுடைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நேரம் தொலைந்திருப்பது நேர்சாலையில் அல்ல, அந்தக் காலி மூலைகளில்.

விழுவதிலும் இரண்டு வகை

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் யாராவது விழுவார்கள். நூறைத் தாண்டிச் செலவழித்தால் என்ன ஆகும் என்பது எந்த டயர் தாண்டுகிறது என்பதைப் பொறுத்தது.

முன்டயர் நழுவினால் வண்டி உள்பக்கமாகவே படுத்துவிடும். ஓட்டுகிறவர் தரைக்கு ஏற்கெனவே ஒரு சாண் தூரத்தில் இருக்கிறார். தோலுடை உரச, தடத்துக்கு வெளியே உள்ள சரளைக்கல் வரை சறுக்கிக்கொண்டே போய், பெரும்பாலும் எழுந்து நடந்து வருவார். லோசைடு என்கிறார்கள். பயங்கரமானது மற்றது, ஹைசைடு. திருப்பத்தின் முடிவில் ஆக்சிலேட்டரை அதிகம் திறந்ததால் பின்டயர் வெளிப்பக்கமாக நழுவுகிறது. பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடுகிறார். டயருக்குப் பிடிமானம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. குறுக்காகத் திரும்பியிருந்த வண்டி ஒரே வெட்டில் நேராகிறது. அதுவரை அழுந்திக் கிடந்த ஸ்பிரிங்குகள் விரிகின்றன. ஓட்டுகிறவர் வண்டிக்கு மேலே வெளிப்பக்கமாக வீசப்படுகிறார். இங்கே காயப்படுத்துவது பிடிமானம் போனது அல்ல, அது திரும்பி வந்தது. இன்றைய விலை உயர்ந்த வண்டிகளில் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்வதைக் கண்டதும் என்ஜின் பலத்தைப் படிப்படியாகக் குறைக்கும் மின்னணு ஏற்பாடு இருப்பது இதற்காகத்தான்.

ஞாயிறு: பக்கத்தில் இன்னொருவர்

இதுவரை திருப்பத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. பந்தயத்தில் அந்த 79 மீட்டர் வழி எல்லோருக்கும் வேண்டும்.

கடைசி லேப், கடைசித் திருப்பம், அதற்குப் பிறகு முடிவுக்கோடு என்று வைத்துக்கொள்வோம். நம் ஆள் முதலாவதாக வருகிறார், இடப்பக்க ஓரத்தில், சரியான வழியில். பின்னால் வருகிறவர் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து உள்பக்கமாக மூக்கை நுழைக்கிறார். முந்தியும் விட்டார். ஆனால் அவர் உள்விளிம்பை ஒட்டி நுழைந்ததால் அவருக்குக் கிடைத்த ஆரம் ஏறக்குறைய 50 மீட்டர்தான். 45 டிகிரி சாய்வில் அவர் வேகம் 80. அதற்கு மேல் போனால் வெளிப்பக்கம் விரிந்துவிடுவார்.

நம் ஆள் அவசரப்படாமல் இருந்தால், வெளியே காத்திருந்து, கொஞ்சம் தாமதமாகத் திருப்பி, முந்தியவர் விரிந்து போகும் நேரத்தில் அவருக்கு உள்பக்கமாகக் குறுக்கே வெட்டி வெளியே வருவார். வண்டி அதற்குள் நிமிர்ந்துவிட்டதால் ஆக்சிலேட்டருக்கு மற்றவரைவிட அதிகம் மிச்சம் இருக்கும். இழந்த இடத்தை நேர்சாலையில் திரும்பப் பெறுவார்.

எல்லோரும் ஒரே மாதிரி வண்டி ஓட்டும் ஒன்-மேக் பந்தயங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவு. சிறிய என்ஜினுக்கு அந்தக் குறைவு பெரிய உதவி. ஆகவே கடைசித் திருப்பத்துக்குள் முதலாவதாக நுழைய விரும்பாதவர்களும் உண்டு. இரண்டாவதாக நுழைந்து, பெரிய ஆரத்தில் வெளியே வந்து, முன்னவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்திருந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் விலகி மூக்கை நீட்டுவது அவர்கள் திட்டம். முன்னால் போகிறவருக்கும் இது தெரியும். அதனால் திருப்பத்துக்கு முந்தைய நேர்சாலையில், கடைசி லேப்பில், இருவருமே ஆக்சிலேட்டரை லேசாகத் தளர்த்தி, ‘நீ போ’ என்று ஒருவருக்கொருவர் வழிவிடும் வேடிக்கையையும் சில சமயம் பார்க்கலாம். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் மூன்றாவதாக வருகிறவர் இருவரையும் முந்துகிறார்.